மீதி பூஜ்யம்

அன்புக்கரசிக்குப் பயம் கூடவே பிறந்தது. வீட்டைப் பூட்டினோமா, காஸை மூடினோமா என்று பாதி வழியில் வண்டியைத் திருப்புவாள். அப்படிப்பட்டவளிடம்தான் எங்கள் காண்டிராக்ட் ஆபீஸ் இருநூற்றுப் பன்னிரண்டு பேரின் கேட் பட்டியலை ஒப்படைத்திருந்தது. பட்டியலில் பேர் இருந்தால்தான் சுரங்க கேட்டில் உள்ளே விடுவார்கள். இல்லையென்றால் அன்றைய ஷிஃப்ட் போச்சு; மூன்று ஷிஃப்ட் போனால் வேலையே போச்சு.

முத்தாண்டிக்குப்பத்துப் பெண். பி.எஸ்சி. கம்ப்யூட்டர் படித்தவள், கல்யாணமாகி சுரங்க டவுன்ஷிப்புக்கு வந்து என் பக்கத்து மேசையில் சேர்ந்தாள். நான் நாள் முழுக்க ஒவ்வொரு பேராகத் தட்டிய வேலையை, சின்னதாக ஒரு புரோகிராம் எழுதி ஒரு நிமிஷத்தில் முடித்தாள். புரோகிராம் எழுதுகிற எடிட்டர் திரையிலேயே எஃப் ஃபைவ் பொத்தானைத் தட்டினால் போதும், அங்கேயே ஓடும். எனக்கு முதலில் வயிற்றெரிச்சல்தான், பொய் சொல்வானேன்.

அந்த எஃப் ஃபைவில்தான் வினை. திரையில் எந்தக் கோப்பு முன்னால் இருக்கிறதோ அதுதான் ஓடும். போன புதன்கிழமை மதியம் ஒன்றேகாலுக்கு, புது ஆட்களைச் சேர்க்கிற புரோகிராம் என்று நினைத்துத் தட்டினாள். முன்னால் இருந்ததோ, ஒப்பந்தம் முடிந்ததும் பட்டியலைத் துடைக்க எழுதி வைத்தது. எடிட்டரின் அடியில் ஒரே வரி வந்தது. மீதி: 0.

அவள் முகத்தில் ரத்தமே இல்லை. "அக்கா, எல்லாரும் போயிட்டாங்க" என்றாள். யாரோ செத்துவிட்டார்கள் என்றே நினைத்தேன். இரண்டு மணி ஷிஃப்டுக்கு ஆட்கள் கிளம்பிக்கொண்டிருந்த நேரம். அவள் கணவன் கார்முகிலும் அதில் ஒருவன்.

அழிவதற்கு முன்பே திறந்து வைத்த பட்டியல் எடிட்டரின் இன்னொரு பக்கத்தில் அப்படியே இருந்தது. அதைத் தொட்டதும் எடிட்டர் கேட்டது: கோப்பு மாறியிருக்கிறது, மறுபடி ஏற்றவா? அவள் கை அந்தரத்தில் நின்றது.

சூப்பர்வைசர் வைத்திலிங்கம் பின்னால் வந்தார். "இன்னாம்மா பாத்துக்கினே இருக்க? எது கேட்டாலும் எஸ் குடும்மா, டைம் ஆவுது!"

"எஸ் குடுத்தா காலிப் பட்டியல்தான் சார் வரும். பேரெல்லாம் இப்ப இந்தத் திரையில மட்டும்தான் இருக்கு." அவர் மௌஸுக்குக் கை நீட்டினார். அந்தக் கையைத் தட்டிவிட்டாள். வைத்திலிங்கத்தை எதிர்த்து ஒருவர் வாய் திறந்துகூட நான் பார்த்ததில்லை. நோ கொடுத்தாள், சேமித்தாள். இருநூற்றுப் பன்னிரண்டு பேரும் திரும்பினார்கள்.

பட்டியலை கேட்டுக்கு அனுப்பிய கையோடு ஜன்னலில் அய்யாசாமி எட்டிப் பார்த்தார். கம்மாபுரத்துக்காரர், ஷிஃப்டுக்குப் போகிற வழியில் தினமும் அதே கேள்வி. "எம் பேரு இருக்குதுங்களாம்மா?"

நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "எங்க போவப்போவுது, போங்க" என்று சிரித்து அனுப்புவோம், அவளும் நானும். அன்று அவள் வரி வரியாகத் தேடினாள். பேரைக் கண்டதும் திரையை அவர் பக்கம் திருப்பினாள். வாயைத் திறந்தால் அழுதுவிடுவாள் என்று தெரிந்தது.

"இருக்குதுங்க, நீங்களே பாருங்க" என்று நான்தான் சொன்னேன்.