சுவரில் திருகாத அலமாரி

ஐலி காங்கஸோடு சண்டை போடாத ஆள் அந்த ஏரிக்கரை ஊரில் இருந்தால், அவர் போன வாரம்தான் குடிவந்திருக்க வேண்டும். தபால்காரரோடு சண்டை, பாதிரியாரோடு சண்டை, பனி தள்ளும் லாரி ஓட்டுகிற கார்டனோடு வருஷா வருஷம் சண்டை. ஆனால் மரம் அறுக்கிற மெஷின் மக்கர் பண்ணினால் அத்தனை பேரும் வாயை மூடிக்கொண்டு அவள் பட்டறைக்குத்தான் வருவார்கள். திட்டையும் வாங்கிக்கொண்டு, மெஷினையும் வாங்கிக்கொண்டு போவார்கள். திட்டு கிடைக்காத அன்றைக்குத்தான் அவர்களுக்குச் சந்தேகம் வரும், வேலை சரியாக ஆகியிருக்கிறதா என்று.

பட்டறை அவள் அப்பா கட்டியது. சாகும்போது பிள்ளைகள் இரண்டு பேரையும் பக்கத்தில் வைத்துச் சொல்லிவிட்டுத்தான் போனார்: ஐலி வேலை செய்கிறவரைக்கும் பட்டறை ஐலிக்கு. அவள் நிறுத்திவிட்டால் தம்பி ரெய்னோவுக்கு. ரெய்னோ தச்சன், நல்ல தச்சன். அவனிடம் ஒரு படகு இருந்தது. வருஷத்தில் பாதி நாள் அது தார்ப்பாய்க்குள் பனியில் புதைந்து கிடக்கும். பட்டறைக்குள் அவன் நுழையும்போதெல்லாம் அக்காளைப் பார்ப்பதற்கு முன்னால் தரையைத்தான் பார்ப்பான், படகை நிறுத்த இடம் போதுமா என்று. அந்தப் பார்வைக்கு அர்த்தம் ஐலிக்குத் தெரியாதா என்ன?

போன குளிர்காலத்தில் ஐஸில் வழுக்கி விழுந்து ஐலியின் வலது தோள் போனது. ஆபரேஷன் ஆன பிறகும் கை நெஞ்சுக்கு மேலே எழும்பவில்லை. பட்டறையில் இருந்தது பழைய அலமாரி, மரத்தின் மேல் மரம் உரசுகிற டிராயர். ஈரத்தில் ஊதிக்கொண்டால் இரண்டு கையாலும் பிடித்து இழுக்க வேண்டும். ஒருநாள் இடது கையால் மட்டும் இழுத்தாள். டிராயர் மொத்தமாகக் கழன்று, உள்ளே இருந்த இரும்பெல்லாம் காலில் கொட்டியது. சாமான் அத்தனையும் டிராயரில். டிராயர் திறந்தால் பட்டறை, திறக்காவிட்டால் படகு. விஷயம் அவ்வளவுதான்.

செய்தி கேட்டு ரெய்னோ தானே வந்தான். "புது அலமாரி நானே பண்ணித் தர்றேன்" என்றான். கையோடு டிராயர் வழுக்கி ஓடுகிற தகரச் சேனல் இரண்டு விதம் கொண்டுவந்திருந்தான். சமையலறை மேஜையில், காப்பிக் கோப்பைகளுக்கு நடுவே வைத்தான்.

ஒன்று சாதா பேரிங் சேனல். ஐலி இடது கைச் சுண்டுவிரலால் இழுத்தாள், வழுக்கிக்கொண்டு வந்தது. இன்னொன்று கடைசியில் தானாக, மெதுவாக மூடிக்கொள்கிற ரகம். அதை இழுத்தபோது முதலில் விடமாட்டேன் என்றது. உள்ளே இருந்த ஸ்பிரிங்கை மீறி வெடுக்கென்று இழுத்த பிறகுதான் வந்தது.

"இது வேணாம். ஆரம்பத்துலயே பிடிச்சு வைக்குது."

"புதுசுல அப்படித்தான். பழகப் பழக லூசாயிடும். இப்ப எல்லாரும் இதான் கேக்குறாங்க."

"எல்லாருக்கும் தோள் இருக்கு. குளிர்ல இதுக்குள்ள இருக்குற எண்ணெய் இறுகிப் போச்சுன்னா?"

"அதான் பட்டறையில அடுப்பு இருக்கே. தச்சன் நீயா நானா, ஐலி?"

ஊரையே ஒரு கை பார்த்தவள், அன்றைக்குத் தோள் வலியில் சரி என்று தலையாட்டிவிட்டாள். அவள் வாழ்க்கையில் சண்டை போடாமல் விட்டது அந்த ஒன்றைத்தான். அதற்குத்தான் அனுபவித்தாள்.

அலமாரி ஆள் உயரம், ஐந்து டிராயர். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. தை மாதக் குளிர் வந்ததும் குணம் தெரிந்தது. காலையில் அடுப்பு சூடேறுகிறவரைக்கும் ஒரு டிராயரும் அசையாது. ஐலி அலமாரியில் ஒரு காலை முட்டுக்கொடுத்து, இடது கையால் தொங்கிக்கொண்டு இழுப்பாள். அப்படித் தொங்கிக்கொண்டிருக்கும்போது கார்டன் பார்த்துவிட்டான். வழக்கமாகத் திட்டு வாங்கிக்கொண்டு போகிறவன், அன்றைக்குக் குரலைத் தாழ்த்தி, "நான் வேணா திறந்து தரட்டுமா?" என்று கேட்டான். பாவப்பட்டுக் கேட்டான். ஐலிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "வெளிய போடா" என்று கதவைக் காட்டினாள். அவன் போன பிறகு உட்கார்ந்து அழுதாள்.

சனிக்கிழமை ரெய்னோ வந்தான். சனிக்கிழமைதோறும் வருவான். வீட்டுக்குப் பின்னால் அப்பா கட்டிய சவுனா இருந்தது. விறகு போட்டுக் கல்லைச் சூடேற்றி, வேர்க்க வேர்க்க உட்கார்ந்து குளிக்கிற அறை. என்ன பகை இருந்தாலும் சவுனாவை யாருக்கும் இல்லை என்று சொல்கிற வழக்கம் அந்த ஊர் ஜனங்களிடம் கிடையாது. உள்ளே போய்விட்டால் சண்டையும் கூடாது. அதனால் போடவேண்டிய சண்டையையெல்லாம் அக்காளும் தம்பியும் பட்டறையிலேயே போட்டு முடித்துவிடுவார்கள்.

அன்று அவன் கையில் அளக்கிற டேப் இருந்தது.

"எதுக்குடா டேப்பு? படகுக்கா?"

"கார்டன் சொன்னான். டிராயரைக்கூடத் திறக்க முடியலையாமே. போதும் ஐலி. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுதுச்சாம். நீ போட்ட சேனல் லட்சணம்டா அது!"

"சேனல்ல ஒரு குறையும் இல்ல. உன் கையிலதான் குறை."

"அப்ப நீ திறந்து காட்டு."

ரெய்னோ சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டான். மேல் டிராயரை வெடுக்கென்று இழுத்தான், முழுசாக வெளியே வந்தது. இரண்டாவதையும் இழுத்தான். "பாரு, வெண்ணெய் மாதிரி வருது" என்றபடி மூன்றாவதையும் இழுத்தான். மூன்றிலும் வழிய வழிய இரும்பு. அலமாரியின் பின்பக்கம் தரையை விட்டு எழுந்தது. அவன் "ஏ ஏ" என்பதற்குள் அப்படியே முன்னால் சாய்ந்து, அவனுக்குப் பின்னால் இருந்த வேலைமேஜையோடு சேர்த்து அவனை நெருக்கியது. இரும்பெல்லாம் அவன் காலில் மடமடவென்று கொட்டியது.

"தூக்கு! ஐலி, தூக்கு!"

ஐலி அவனைப் பார்க்கவில்லை. அலமாரி நின்ற சுவரைப் பார்த்தாள். சுவரில் ஒரு ஓட்டை இல்லை. அலமாரியின் முதுகுப் பலகையிலும் ஒரு திருகு இல்லை. சோப்பு வைக்கிற பலகைக்குக்கூட நாலு திருகு போடுகிறவன் ரெய்னோ.

"ஏன்டா சுவத்துல திருகலை?"

"மறந்துட்டேன். மொதல்ல தூக்கு!"

"நீயா மறப்பே? நாளைக்கு ஈசியா நகர்த்திட்டுப் படகை விடலாம்னுதானே விட்டே?"

அவன் அலமாரியை நெட்டித் தள்ளிப் பார்த்தான், அது அசையவில்லை.

"சொல்லுடா. அந்தச் சேனலையும் தெரிஞ்சுதான் போட்டியா?"

"மூச்சு முட்டுது அக்கா."

"ஓ, இப்பத்தான் அக்காவா?"

"நீயே நிறுத்திருவேன்னு நெனச்சேன்" என்று முனகினான். "உன்னால முடியலைன்னு உன் மூஞ்சிக்கு நேரா யார் சொல்றது? டிராயரே சொல்லட்டும்னு விட்டுட்டேன்."

திருடன் என்றால்கூட ஐலி பொறுத்திருப்பாள். இவன் அவள் தோளைக் கணக்குப் பண்ணி, வாயால் சொல்லத் துணிச்சல் இல்லாமல், மரத்தையும் தகரத்தையும் விட்டுச் சொல்லவைத்திருக்கிறான். தினமும் காலையில் அவள் தொங்கிக்கொண்டு இழுத்தது, அழுதது, எல்லாம் இவன் போட்ட திட்டம். கூடப்பிறந்தவன்!

எஞ்சின் தூக்குகிற மோட்டார் கப்பி உத்தரத்தில் இருந்தது. இடது கையாலேயே அலமாரி தலையில் பட்டையைச் சுற்றினாள், கொக்கியை மாட்டினாள், பொத்தானைக் கட்டைவிரலால் அழுத்தினாள். அலமாரி முனகிக்கொண்டு எழுந்தது.

"பாத்துக்கோ. தோளே வேணாம். ஒரு விரல் போதும் எனக்கு."

ரெய்னோ விலாவைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தான். நொண்டிக்கொண்டே சவுனா பக்கம் நடந்தான். ஐலி முந்திக்கொண்டு போய் சவுனா வாசலில் நின்றாள்.

"இன்னிக்கு உனக்குக் கிடையாது."

அலமாரி விழுந்தபோதுகூட அவன் முகம் அப்படி வெளிறவில்லை. "சவுனாவையா இல்லைங்கறே? இது அப்பா கட்டினது, அக்கா!"

"பட்டறையும் அப்பா கட்டினதுதான். நான் கேட்ட சேனலைப் போட்டு, சுவத்துல திருகிட்டு அப்புறம் வந்து குளி."

அடுத்த சனிக்கிழமை, விலாவில் கட்டோடு வந்தான். சாதா சேனல்களை மாட்டினான். ஐலி ஒவ்வொரு டிராயரையும் சுண்டுவிரலால் இழுத்துப் பார்த்தாள், இடுப்பால் மூடினாள், வேண்டுமென்றே அவன் காதுபட மறுபடி இழுத்தாள். அப்புறம் முக்காலியைப் போட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். அவன் சுவரில் நாலு திருகு போட்டுவிட்டு எழுந்தான்.

"இன்னொண்ணு" என்றாள்.

போட்டான்.

"இன்னொண்ணு."

"நாலே தாராளம். இதுக்கு மேல போட்டா, இதை எடுக்கச் சுவத்தையே இடிக்கணும்!"

"என்னைப் புதைச்சுட்டு வந்து இடி" என்றாள் ஐலி. "இன்னொண்ணு போடு."