முள்ளெலிச் சாம்பல்

வல்லத்துக்குத் தெற்கே, காவிரித் தண்ணீர் ஏறாத செம்மண் மேட்டில் இராஜாங்கத்துக்குக் கொஞ்சம் கடலைக் கொல்லை. ஊரெல்லாம் நெல் பேச்சாக இருக்கும் சீமையில் கடலை போடுகிறவனை யார் மதிக்கிறார்கள்? அவருக்குப் பேச்சுத் துணை வேலியோரத்து முள்ளெலிதான்.

காரைப் புதருக்கடியில் அதன் குழி. பகலெல்லாம் தூங்கும். பொழுது சாய்ந்ததும் வெள்ளைப் பட்டை போட்ட முகத்தை நீட்டிக்கொண்டு வண்டும் கறையானும் தேடிக் கடலைச் செடிக்குள் நுழையும். தொட்டால் உஸ்ஸென்று சீறிப் பந்தாகச் சுருண்டுவிடும். கோடையில் தீனி கிடைக்காவிட்டால் நாள்கணக்கில் அசையாமல் கிடக்கும். செத்துவிட்டதோ என்று இவர் குனிந்து பார்ப்பார். வயிற்றைக் கட்டிக்கொண்டு கிடக்கும் வித்தை தனக்கும் தெரியும் என்பதாலோ என்னவோ, அதன் மேல் அவருக்கு ஒரு பாசம்.

ஊருக்கு அது மருந்து. முள்தோலைக் கருக்கிச் சாம்பலைத் தேனில் குழைத்து நாக்கில் தடவினால் கக்குவான் இருமல் நிற்குமாம். இரண்டு வருஷத்துக்கு முன் பக்கத்துக் கொல்லைச் செம்மொழி, இருமி இருமி நீலம் பாரித்த மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள்.

“அண்ணே, ஒங்க வேலியில இருக்குன்றாங்க. ஒன்னே ஒன்னு பிடிச்சுக் குடுங்க.”

“சாம்பல் இருமல நிறுத்துமா, செம்மொழி? அதெல்லாம் சும்மா. தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ. வண்டிக்கு நான் சொல்றேன்.”

சொன்னபடி வண்டி பிடித்துக் கொடுத்தார். ஆனால் நோய் முற்றிவிட்டிருந்தது, பையன் பிழைக்கவில்லை. எலிக்குப் பாவம் பார்த்துப் பிள்ளையைக் கைவிட்டவன் என்று ஊர் பேசியது. செம்மொழி மட்டும் அப்படிப் பேசவில்லை. “அண்ணனுக்கு அதுல நம்பிக்கை இல்ல, அதான் குடுக்கல” என்று மற்றவர்கள் வாயையும் அடைத்தாள். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் இராஜாங்கம் தெருவில் நடந்தார்.

இந்த ஆவணியில் அவர் மகள் தமிழ்நிலாவுக்கு அதே இருமல். உடனே ஆஸ்பத்திரியில் சேர்த்தார். இருமல் குறையவும் தொடங்கியது. ஆனால் மனைவி பிரகதீஸ்வரி விடவில்லை.

“டாக்டர் மருந்து ஒரு பக்கம் இருக்கட்டுங்க. அந்தச் சாம்பலையும் குடுத்துருவோம். நாளைக்கு ஒன்னு கெடக்க ஒன்னு ஆயிட்டா, செய்யாம விட்டோமேன்னு காலம்பூரா வேகணும்.”

அவருக்கு நம்பிக்கை வரவில்லை, பயம் வந்தது. பயத்துக்கு முன்னால் அறிவு எந்த மூலைக்கு? கொல்லைக்குப் போனார். சுருண்ட முள்ளெலியைக் கையால் பிரிக்க முடியாது. தண்ணீரில் போட்டால் தானே விரியும். வாளித் தண்ணீரில் போட்டார். அது விரிந்து, பழகிய முகத்தை மேலே நீட்டி நீந்தியது. அப்புறம் செய்ததை அவர் யாரிடமும் சொன்னதில்லை. குழிக்குள் கண் திறக்காத குட்டிகள் இருந்ததைப் பிறகுதான் பார்த்தார். எறும்பு மொய்த்திருந்தது.

தமிழ்நிலா தேறி வீட்டுக்கு வந்தாள். பிரகதீஸ்வரி சாம்பலின் மகிமையைத் தெருவெல்லாம் சொல்லிவிட்டாள்.

குழந்தையைப் பார்க்கச் செம்மொழி ஆரஞ்சுப் பழங்களோடு வந்தாள். தமிழ்நிலாவின் தலையைத் தடவினாள்.

“டாக்டர் மருந்துலதான் சரியாச்சும்மா. சாம்பல்ல ஒன்னும் இல்ல” என்றார் இராஜாங்கம்.

“அப்பறம் ஏண்ணே குடுத்தீங்க?”

அவர் ஒரு ஆரஞ்சை எடுத்து உரிக்கத் தொடங்கினார்.

“நம்பிக்கை இல்லாமத்தான் என் புள்ளைக்குக் குடுக்கலன்னு நெனச்சிருந்தேன்” என்று சொல்லிவிட்டு அவள் எழுந்து போனாள்.

சாம்பலால் எந்தப் பிள்ளையும் பிழைத்ததில்லை. அதைச் சொல்ல இனி அவருக்கு வாயில்லை.