முத்திரை வெச்ச வேகனும் மச்சானும்

கல்முனை மில்காரர்ட அரிசியை மட்டக்களப்பு ஸ்டேஷன்ல ஏத்தி அனுப்புற ஏஜென்ட் வேலையில, மூட்டையை விடப் பயத்தைத்தான் நான் கூடச் சுமந்திரிக்கன். சாமானை அனுப்பிப்போட்டு நித்திரையில்லாமக் கிடந்த ஆக்களுக்கு இது விளங்கும்.

புதுக் கூட்ஸ் ஷெட்

எண்பதுகள்ல புதுசா சீமெந்து மேடையும் தகரக் கூரையும் போட்டு, ஏத்துற வேலையை ஒரு தனியார் கம்பனிக்குக் கொந்தராத்துக் குடுத்தாங்க. முந்தி நாள்கணக்கில மழையில நனைஞ்சு கிடந்த அரிசி, இப்ப பின்னேரத்துக்குள்ள வேகனுக்குள்ள. சந்தோஷந்தான். ஆனா வழியில களவு போனா கம்பனி பொறுப்பில்ல, சாமான்காரன்ட ஆள் ஒருத்தன் வண்டிட கடைசியில இரிக்கிற கார்ட் பெட்டியில கூடப் போகணும் எண்டாங்க. வாழைச்சேனைக்கு அங்கால தண்டவாளத்துல குண்டு வைக்கிற காலம் அது. ஆரும் வரமாட்டனெண்டுட்டாங்க. கடைசியில என்ட பொண்டாட்டிட தம்பி ரபீக் சம்மதிச்சான். நான் குடியிருக்கிறதே மாமிட வீட்டுல. மாமி வாசலில நிண்டு, "அவன் வராட்டி நீங்களும் இந்த வீட்டுக்கு வரத் தேவல்ல" எண்டா.

கதவைச் சாத்தின நேரம்

அண்டைக்கு ஏத்தி முடிய அசர் தொழுகை நேரம். ரபீக் வேகனுக்குள்ளயே, மூட்டைக்குப் பின்னால ஒதுங்கித் தொழுதிரிக்கான். நான் கேற்றடியில ஆமிக்காரரோட மாரடிச்சிட்டு நிண்டன். கம்பனி ஆள், உள்ளுக்கு ஆரும் இரிக்கீங்களா எண்டு கேட்டிரிக்கான். தொழுகையில நிக்கிறவன் பதில் சொல்லுவானா? கதவைச் சாத்தி, ஈயமுத்திரையும் வெச்சு, வண்டியும் போயிற்று. கார்ட் பெட்டியில ரபீக் ஏறல்லயெண்டு தெரிஞ்ச உடன, வேகனுக்குள்ளதான் மாட்டிரிக்கணுமெண்டு விளங்கி, கம்பனி ஆளிட்ட ஓடினன். கம்பனி ஆள் சொன்னான்: "கெதியா முடிக்கச் சொல்லித்தானே எங்களைக் கொண்டுவந்தீங்க."

ஏறாவூர்

லொறியில துரத்திப் போனம். நல்ல காலம், முன்னால லைன்ல குண்டு இரிக்கா எண்டு பாக்கிறாங்களெண்டு வண்டியை ஏறாவூர்ல மறிச்சிருந்தாங்க. உள்ளுக்கு ஆள் இரிக்கிற சத்தம் கேட்டாத்தான் முத்திரையை உடைப்பன் எண்டார் ஸ்டேஷன் மாஸ்டர். நான் கதவுல தட்டித் தட்டி, ரபீக் ரபீக் எண்டு தொண்டை கிழியக் கத்தினன். என்ட குரல் எனக்கே அடையாளம் தெரியல்ல. உள்ளுக்கு ஒரு அசுமாத்தமும் இல்ல. மூச்சடைச்சு மௌத்தாப் போயிட்டானெண்டே நினைச்சன், மாமிட முகந்தான் முன்னால வந்து நிண்டது.

நான் அழுறதைப் பாத்துத்தான் மாஸ்டர் உடைக்கச் சொன்னார். திறந்தா, மூட்டைக்கு நடுவில வேர்த்து விறுவிறுத்துக் குந்திக்கொண்டிரிக்கான். ஏண்டா பேசல்லயெண்டு அறையக் கையை ஓங்கினன். "பேரைச் சொல்லிக் கூப்பிட்டதாலதான் பயந்தன் மச்சான். ஆக்களைக் கடத்திக் கொண்டு போறவங்களும் இப்ப பேரைச் சொல்லித்தானே கூப்பிடுறாங்க" எண்டான்.

சாமான் கெதியாப் போறதுக்கு எல்லாம் செஞ்சாங்க, மனிசன் பயமில்லாமப் போறதுக்குத்தான் ஒரு கொந்தராத்துக்காரனும் முன்னுக்கு வரல்ல.