நாளைக்கு வாரேனுங்க

எடப்பாடிக் கடைவீதியில் எந்த ஷட்டரைப் பார்த்தாலும் கீழ் மூலையில் ஷட்டர் மெக்கானிக் மாதையனின் போன் நம்பர் இருக்கும். வேலை முடிந்ததும் பெயிண்டால் அவரே அடித்துவிடுவார். பிறகு கடைக்காரரை அழைத்து ஒற்றை விரலால் தூக்கச் சொல்வார்.

"நீங்க தூக்கலீங்க. நேத்து கீழ இழுத்தீங்கல்ல, அந்தப் பலம் மேல ஸ்பிரிங்குல முறுக்கிக்கிட்டுக் கெடந்துச்சு. அதுதான் இப்பத் தூக்குது."

பெரிய விஞ்ஞானி என்ற நினைப்பு.

விஞ்ஞானியின் மனைவி குஞ்சம்மாளுக்கு அதே வீதியில் தையல்கடை. அந்த ஷட்டரைத் தூக்க மட்டும் இரண்டு ஆள் வேண்டும். நான்கு வருடமாக ஸ்பிரிங் தளர்ந்து கிடக்கிறது. கேட்டால், "நாளைக்குப் பாக்கறேன் புள்ள" என்பார். நம்பரை மட்டும் அங்கேயும் மறக்காமல் அடித்திருந்தார்.

அன்று ஆவணி முகூர்த்தம். தமிழ்ச்செல்வியின் கல்யாண ஜாக்கெட்டுக்குக் குஞ்சம்மாள் கடைசிக் கொக்கியைத் தைத்து முடித்தாள். பத்தரைக்குத் தாலி, பெண் மண்டபத்தில் காத்திருந்தாள். அந்த நேரம் பார்த்து வீதியில் சாவு ஊர்வலம் வந்தது. பிணம் கடக்கும்வரை ஷட்டரைப் பாதி இறக்குவது கடைவீதி மரியாதை. மற்றவர்களின் ஷட்டரெல்லாம் பாதியில் நின்றன. குஞ்சம்மாள் உள்ளிருந்து இழுத்ததும் ஸ்பிரிங் படாரென்று அறுந்து, ஷட்டர் தரைவரை விழுந்தது. அவளும் ஜாக்கெட்டும் உள்ளே.

ஊர்வலத்தில் வந்த சின்னராஜ், ஷட்டரில் இருந்த நம்பருக்கே ஸ்பீக்கரில் போன் போட்டார்.

"ஷட்டர் மாட்டிக்கிச்சுங்க, கொஞ்சம் வந்து…"

"நாளைக்கு வாரேனுங்க."

"உள்ள தையக்கார அக்கா இருக்குதுங்க!"

மாதையனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மொபெட்டை விரட்டிக்கொண்டு வந்தவர், இரண்டு கையாலும் முக்கிப் பார்த்தார். அசையவில்லை. சின்னராஜோடு இன்னும் மூன்று பேர் பிடித்த பிறகுதான் ஒரு முழம் எழும்பியது. இடைவெளியில் முதலில் வெளியே வந்தது ஜாக்கெட்.

"மொதல்ல இதக் கொண்டுபோய்க் குடுங்க."

மண்டபத்தில் கொடுத்தபோது மணி பத்து. தாலி தப்பித்தது. வழியெல்லாம் மாதையனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அவள்மேல் ஷட்டர் விழுந்திருந்தால் என்ற நினைப்பு வந்ததும் கண் கலங்கிவிட்டது.

அதற்குள் ஷட்டரை முழுக்கத் தூக்கி முட்டுக் கொடுத்திருந்தார்கள். திரும்பி வந்தவர், புது ஸ்பிரிங்கைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். வாங்கப்போகும் திட்டுக்குத் தலையைக் குனிந்தும் வைத்திருந்தார்.

குஞ்சம்மாள் ஊசியில் நூலைக் கோத்தபடி நிதானமாகக் கேட்டாள்.

"ஏனுங்க, நாளைக்குத்தான வாரேன்னீங்க?"