முறைக்காய்ச்சல் என்று எழுதாத அறிவித்தல்

மகாவலி வற்றி, கட்டுகஸ்தோட்டைப் பாலத்தின் கீழே குட்டை குட்டையாகக் கிடந்த வருஷம். கண்டியில் ஓர் அச்சகத்தில் சுகாதார அறிவித்தல்களைத் தமிழில் எழுதுவது என் வேலை.

மலேரியா. அந்தச் சொல் அப்போது எங்கேதான் இல்லை! டாக்டர்மார் அறிக்கையில் அது கொசுவின் வயிற்றுக்குள் போய் வந்தது. பத்திரிகைத் தலையங்கத்தில் அரசாங்கத்தைத் திட்ட உதவியது. விளம்பரத்தில் தைலம் விற்றது. எனக்கு அதன்மேல் ஒரு மோகம், ஒளிப்பானேன். எழுதும்போதே நான் படித்தவன் என்று அது ஊருக்குச் சொன்னது.

அச்சுக் கோப்பவனுக்கு என் வயதுதான். தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்தவன். "பக்கத்துலயே முறைக்காய்ச்சல்னும் போடுங்க கவிராயரே, லயத்துல அப்படித்தான் சொல்லுவாங்க" என்றான். இது சயன்ஸ், நாட்டு வைத்தியம் இல்லை என்றேன். சிரித்துவிட்டு, நான் எழுதியபடியே கோத்தான்: 'மலேரியா கண்டோர் கொயினா உட்கொள்ளவும்.'

ஒரு பிரதியைத் தங்கச்சிக்கு அனுப்பினேன். வத்தேகமவுக்கு மேலே ஒரு தோட்டத்தில் அவளைக் கட்டிக் கொடுத்திருந்தோம். மிஷன் பள்ளிக்கூடத்தில் வாசிக்கப் பழகியவள். அண்ணன் எழுதினது என்று லயம் முழுக்க வாசித்துக் காட்டினாளாம்.

காய்ச்சல் என்று ஆள் வந்து சொல்லி, நான் பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது அவளைக் கிடத்தியிருந்தார்கள். கையில் செபமாலை. ஒருநாள் விட்டு ஒருநாள் நடுங்கினாள் என்றார்கள். தோட்டத்து ஆஸ்பத்திரியிலிருந்து கொயினா வீடு தேடியே வந்ததாம்.

மச்சான் என்னைக் குறை சொல்லவில்லை. குறை சொல்லத் தெரியாத மனுஷன். மெதுவாகத்தான் சொன்னார்: "வாங்க மாட்டேன்னுட்டா மச்சான். எனக்கு முறைக்காய்ச்சல்தானே, அண்ணன் மலேரியாக்காரங்களுக்குன்னு எழுதியிருக்காக, அவங்களுக்குக் குறைஞ்சிடக் கூடாதுன்னா."

அறிவித்தல் அவளுடைய செபப் புத்தகத்துக்குள் நாலாக மடித்துக் கிடந்தது. சாமியார் கோயில் புத்தகத்தில் 'சுரம்' என்று எழுதினார். தோட்டத்து மரணப் பதிவில் மட்டும் மலேரியா. நான் எழுதியது சரிதான் என்று அந்த ஒரு வரி சொன்னது. பாவி, சரியாகத்தான் எழுதியிருந்தேன்.

அச்சகத்துக்குத் திரும்பிய அன்று அடுத்த அறிவித்தல் காத்திருந்தது. மலேரியாவுக்குப் பக்கத்தில் அந்த இன்னொரு சொல்லையும் எழுதி, அவன் முன்னால் வைத்தேன். கவிராயரே என்று அவன் கேலி செய்யவில்லை. தாளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். பிறகு அச்செழுத்துப் பெட்டியில் 'மு' இருந்த அறைக்குக் கையை நீட்டினான்.