நூறு பேருக்கு மட்டும் இடம்

1991-இல் ஒரகடம் சாலையில் இருந்த ஒரு கம்பெனியில் நான்தான் ஒரே புரோகிராமர். எம்.எஸ்ஸி. படித்தவன், இன்னும் புரொபேஷன் முடியவில்லை. ஷிஃப்டுக்கு வரவேண்டிய கான்ட்ராக்ட் ஆட்களின் பெயர்களை அகரவரிசையாக்கி, கேட்டுக்கு பிரிண்ட் அவுட் தருவது சி மொழியில் நான் எழுதிய புரோகிராமின் வேலை. அங்கே யாரையும் வேலையிலிருந்து நிறுத்தும்போது முகம் பார்த்துச் சொல்வதில்லை. பெயர் வராது, அவ்வளவுதான்.

ஒரு காலை, கேட்டில் எனக்கு முன்னால் நின்ற, தகடு அழுத்தும் பிரஸ் ஷாப் சகாயத்தை வாட்ச்மேன் ஏகாம்பரம் மறித்தார்.

“உன் பேர் இல்லியே சகாயம். இன்னா பண்ண? சூப்பர்வைசர மொறச்சிக்கினியா?”

“இல்லண்ணே. நேத்துகூட ஓ.டி. பாத்துட்டுதான் போனேன். நல்லா பாருண்ணே.”

“ரெண்டு வாட்டி பாத்துட்டேன்பா. கையில எழுதுனா உட்டுப்போச்சுன்னு சொல்லலாம். இது கம்ப்யூட்டர்ல வந்துகீது.”

சகாயம் டிபன் பாக்ஸை சைக்கிளில் மாட்டிக்கொண்டு தன் ஊரான சேரப்பணஞ்சேரிப் பக்கம் திரும்பிவிட்டார்.

நான் என் சீட்டுக்கு ஓடிப்போய் பிரிண்ட் அவுட்டில் இருந்த பெயர்களை எண்ணினேன். சரியாக நூறு. பெயர்களை வைக்கும் அரேயில் நூறு பேருக்குத்தான் இடம் போட்டிருந்தேன். தாண்டினால் மெஷின் ஹேங் ஆகிறதே என்று, நூறு ஆனதும் படிப்பதை நிறுத்தும்படி ஒரு வரியும் சேர்த்திருந்தேன். ஃபைலில் பெயர்கள் செக்‌ஷன் வாரியாக இருந்தன. முந்தின நாள் அசெம்பிளி பிரிவில் ஒருவர் புதிதாகச் சேர்ந்ததும், கடைசி செக்‌ஷனின் கடைசிப் பெயரான சகாயம் வெளியே விழுந்துவிட்டார். மற்றவர்களை வரிசைப்படுத்திய பிறகு எங்கே குறைகிறது என்றே தெரியவில்லை.

தப்பைச் சொல்லிவிடலாம் என்று, ஆட்களை எடுக்கும் பர்சனல் ஆபீசரிடம் போனேன். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

“என்ன சார், இப்படி வேர்க்குது? புரோகிராம்ல ஏதாவது தப்பா? இந்த மெஷினும் வேணுமா, இதுக்கு ஒரு ஆளும் வேணுமான்னு எம்.டி. ஏற்கெனவே கேட்டுக்கிட்டு இருக்கார்.”

“ஒண்ணுமில்ல சார். சும்மாதான் வந்தேன்.”

மத்தியானத்துக்குள் சரிசெய்தேன். ஒவ்வொரு பெயருக்கும் அதன் நீளத்தோடு முடிவைக் குறிக்க ஒரு பைட் கூட்டி, மாலாக் என்ற ஃபங்ஷன் மூலம் தேவையான அளவு மெமரி வாங்கினேன். பெயர் இருக்கும் இடத்தைக் காட்டும் பாயின்டர்களை வைத்த அரே நிரம்பினால், அதன் அளவை ரீஅலாக் மூலம் இரட்டிப்பாக்கினேன். பெயர்கள் இருந்த இடத்திலேயே இருக்க, வரிசைப்படுத்தும் கியூசார்ட் ஃபங்ஷன் பாயின்டர்களை மட்டும் இடம் மாற்றியது. எத்தனை பேர் வந்தாலும் தாங்கும்.

மறுநாள் சகாயத்தின் பெயர் வந்தது. சகாயம் வரவில்லை. ஜன்னல் வழியாக கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். பெயர் திரும்பிவிட்டது என்று அவருக்கு யார் சொல்லியிருப்பார்கள்? சில நாள் கழித்து பர்சனல் ஆபீசர் சொன்னார்: “அந்த சகாயம் சொல்லாம கொள்ளாம நின்னுட்டான். பேர எடுத்துடுங்க.”

எடுத்தேன்.

இதைப் படிக்கும் இளைஞர்களுக்குச் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. இடம் போதவில்லை என்றால் புரோகிராம் அதை வெளியே சொல்ல வேண்டும். சத்தமில்லாமல் பாதியில் நிறுத்தக் கூடாது. மெமரி கிடைக்காவிட்டால் எர்ரர் காட்டி நிற்கும் வரியை அன்றைக்கே எழுதிவிட்டேன். சேரப்பணஞ்சேரிக்குத்தான் போகவில்லை.