போர்வைக்குள் இருந்த கால்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் ஒரு மழைக்காலம். ஆம்பூரில் தோல் பதனிடும் ஒரு தோல்ஷாப்பில் இருந்தேன். ஈரத்தோலைப் பலகையில் விரித்து, சுருக்கமும் தண்ணீரும் போக அழுத்தித் தள்ளுவது என் வேலை. கை இரும்பாகிப் போயிருந்தது. கூட வேலை செய்கிறவர்களுக்கு முதுகோ காலோ பிடித்துக்கொண்டால் என்னிடம்தான் வருவார்கள். எனக்கும் அதில் கொஞ்சம் கர்வம்.

என் தோஸ்த் ஒருவன் சுண்ணாம்புத் தொட்டியோரம் வழுக்கி விழுந்து, கால் எலும்பு முறிந்து, கட்டோடு மூன்று வாரம் படுத்துவிட்டான். கட்டை அவிழ்த்தால் கெண்டைக்கால் வீங்கிச் சுட்டது. நீர் கட்டியிருக்கிறது என்று நானே முடிவு செய்து, எண்ணெய் காய்ச்சி உருவினேன்.

"டேய், இது என் காலுடா, எருமைத்தோல் இல்ல!" என்று கத்தினான். சிரித்துக்கொண்டே இன்னும் அழுத்தினேன்.

மறுநாள் காலை எழுந்து நாலு அடி வைத்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். மூச்சு வாங்கியது. விலாவில் குத்துகிற வலி. இருமினால் ரத்தம். காசம்தான் என்று அக்கம்பக்கத்தார் சொல்லிவிட்டார்கள்.

காட்பாடி வரை ரயில், பிறகு வேலூருக்கு ஜட்கா. வழியெல்லாம் என்னிடம் சத்தியம் வாங்கினான். "காலப் பத்தி வாயத் தொறக்காத. வெட்டிட்டாங்கன்னா இன்னா பண்ணுவேன்? கொழந்தைங்க இருக்குது."

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்தார். "எத்தினி நாளா இருமல்?"

"இன்னிக்கித்தான்மா."

"காயலா, கீயலான்னு படுத்துக் கெடந்தியா?"

"இல்லம்மா" என்றவன் போர்வையைக் காலோடு இறுக்கிக்கொண்டான். உதடு நீலம் பாய்ந்திருந்தது. எனக்குத் தாங்கவில்லை.

"மூணு வாரம் கெடந்தான்மா. கால் வீங்கியிருக்குது. நான்தான் உருவி உட்டேன்."

அவன் பார்த்த பார்வை!

டாக்டரம்மா போர்வையை விலக்கினார். அசையாமல் கிடந்த காலில் ரத்தம் உறைந்து கட்டியாகியிருக்கிறது, நான் உருவியதில் ஒரு துண்டு பிய்ந்து நுரையீரலுக்குப் போய் அடைத்திருக்கிறது என்றார். "இன்னொண்ணு பெரிசா போயிருந்தா இவன் வந்தே சேந்திருக்க மாட்டான். காலை வெட்டவெல்லாம் வேணாம். யாரும் தொடாம இருந்தாப் போதும்."

அந்தக் காலத்தில் அதற்கென்று மருந்தில்லை. கட்டிலிலேயே கிடந்து பிழைத்தான். எட்டு நாள் என்னோடு பேசவில்லை. ஒன்பதாம் நாள், "கிட்ட வாடா. கையப் பின்னால கட்டிக்கினு வா" என்றான்.

நான் காலை உருவியதும் பிரியத்தில்தான், சத்தியத்தை மீறியதும் பிரியத்தில்தான். ஆனால் உருவியது அவன் உயிருக்கே உலை வைக்கப் பார்த்தது என்பதை, வீங்கிய காலோடு யார் வந்து நின்றாலும் இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.